நடுங்கிய சில்லுகள்: 1920களின் மோட்டார் வண்டிகளும் 'ஷிம்மி'ப் பிரச்சினையும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். வண்டியைத் திருப்பும் உறுப்புகளுக்கு அங்கு அடிக்குறிப்பளவு இடமே கிடைக்கிறது. ஆனால் 1920களில் பொறியியலாளரைப் பெரிதும் அலைக்கழித்த பிரச்சினைகளுள் ஒன்று முன்சில்லுகளிலேயே எழுந்தது. குறித்தவொரு வேகத்தை எட்டியதும் அவை இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்கும். சாரதியின் கையிலுள்ள சுக்கானும் உடன் உதறும். அக்காலத்துப் பிரபலமான நடனமொன்றின் பெயரால் இதனை 'ஷிம்மி' என்றனர். பெயர் வேடிக்கையானதாயினும் விளைவு அத்தகையதன்று.

இந்நடுக்கம் அப்பத்தாண்டில் மிகுந்தமைக்குக் காரணம் உண்டு. 1923இல் பயர்ஸ்ரோன் நிறுவனம் தாழ்ந்த அமுக்கமுடைய 'பலூன்' ரயர்களை அறிமுகஞ் செய்தது. அதே ஆண்டுகளில் முன்சில்லுகளுக்கும் தடுப்புகள் பொருத்தப்படலாயின. முன்னது பயணியின் சுகத்தையும் பின்னது அவரது பாதுகாப்பையும் நாடியது. எனினும் மென்மையான ரயரும் பாரங்கூடிய சில்லும் ஒன்றுசேர்ந்தபோது பழைய முன்னச்சு அவற்றைத் தாங்கி அடக்க இயலாததாயிற்று.

இரு முன்சில்லுகளும் ஒரே திடமான அச்சிற் பூட்டப்பட்டிருந்தன. ஒரு சில்லு மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சரியும். சுழலும் பம்பரத்தைச் சரிக்க முயன்றால் அது வேறொரு திசையிற் திரும்புதல் போன்று, சுழலும் சில்லும் சரிவுக்கு விடையாகப் பக்கத்தே திரும்பும். அத்திருப்பம் மறுபடியும் அச்சைச் சரிக்கும். வேகம் கூடக்கூட இவ்விளைவும் வலுப்பெறும்.

இதனை ஆராய இரு அளவீடுகள் வேண்டப்பட்டன. சுக்கானை அசையாது பிணைத்துவிட்டு, முன்சில்லை அறிந்த விசையால் இழுத்து, அது எத்தனை பாகை திரும்புகிறதென நோக்குவது விறைப்பை அறியும் வழி. இழுத்த சில்லை விடுவித்து, அடுத்தடுத்த ஊசல்கள் எவ்வளவு விரைவிற் சிறுக்கின்றன எனப் பதிவது தணிப்பை அறியும் வழி. சுக்கான் பிணைக்கப்பட்டிருந்தும் சில்லு திரும்பவே செய்யும். இணைகோல்களும் அடிச்சட்டமும் வளைந்து கொடுக்கின்றன. ஆகவே சாரதியின் கைப்பிடியைக் குறைகூறிப் பயனில்லை. விறைப்பைக் கூட்டினால் நடுக்கம் தோன்றும் வேகம் உயரும். ஆனால் வீதியின் அதிர்ச்சிகள் நேரே கைக்கு வரும். உராய்வைக் கூட்டினால் நடுக்கம் அடங்கும். ஆனால் சுக்கான் பாரமாகி, வளைவு கடந்தபின் தானாக நேர்நிலைக்கு மீளாது. ஒன்றைப் பெற ஒன்றை இழக்கவேண்டிய இந்நிலையே பிரச்சினையின் உயிர்நிலை எனலாம்.

பிரான்சில் ஜோர்ஜ் புரூலியே 1925இலும், சென்சோ த லாவோ 1927இலும் இதுபற்றி எழுதினர். 1931இல் பேர்லினில் பெக்கர், புறொம், மறூன் ஆகியோர் திருப்பும் பொறியமைப்பின் அதிர்வுகளைப் பற்றித் தனிநூலே வெளியிட்டனர். கோட்பாடு இவ்வாறு வளர்ந்தபோதும் தணிப்பான்களாலும் இறுக்கங்களாலும் மட்டும் நோய் முற்றாகத் தீரவில்லை. நோயின் மூலம் அச்சிலேயே இருந்தது.

இத்தாலியின் லான்சியா நிறுவனம் 1922இலேயே தனது லம்டா வண்டியில் முன்சில்லுகளைத் தனித்தனியே தாங்கியிருந்தது. அமெரிக்கப் பெருந்தொழிலகங்கள் அவ்வழிக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. ரோல்ஸ் ரொய்ஸிலிருந்து 1930இல் கடிலாக்கிற்குச் சென்ற மொறிஸ் ஒலி, முன்வில்களை மென்மையாக்க முனைந்தபோது திடமான அச்சின் நடுக்கமே குறுக்கே நின்றது. சுகமான பயணத்தை நாடிய ஆய்வே அச்சைக் கைவிடச் செய்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1934ஆம் ஆண்டு மாதிரிகளில் கடிலாக், பியூக், செவ்ரொலே முதலிய ஜெனரல் மோட்டோர்ஸ் கார்கள் தனித்தியங்கும் முன்சில்லுகளுடன் வெளிவந்தன. திடமான முன்னச்சையுடைய லொறிகளிலும் ஜீப் வகை வண்டிகளிலுமோ, சுக்கான் தணிப்பான் இன்றும் பொருத்தப்படுகிறது.