அலையைப் பிளந்த அடிப்பாகம்

1960-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் பிறந்த டான்சி, ஃபார்முலா, பெர்ட்ராம் முதலிய வேகப்படகுகளை, பெருஞ்செல்வம் இல்லாத பலர் இன்றும் தேடியலைந்து வாங்குவதன் காரணத்தை அறிய விரும்புவோர், அவற்றின் மேற்பூச்சின் பளபளப்பையோ இயந்திரத்தின் கர்ஜனையையோ அல்ல, நீருக்குள் மறைந்து கிடக்கும் அடிப்பாகத்தையே முதலில் ஆராய வேண்டும்.

அதற்கு முந்திய காலத்து வேகப்படகுகள் பெரும்பாலும் முன்முனையான அணியத்தில் கூர்மையும், பின்முனையான கடையாலை நெருங்க நெருங்க ஏறத்தாழத் தட்டையாகிவிடும் அடித்தளமும் கொண்டவை. அமைதியான நீரில் அவை சிரமமின்றி விரைந்தன. ஆனால் கடல் சற்றே கொந்தளித்தாலும் அலைமேல் அறைந்து அறைந்து விழுந்து, மரச்சட்டங்களையும் மனித முதுகெலும்புகளையும் ஒருங்கே வருத்தின. ரேமண்ட் ஹன்ட் என்ற படகுச் சிற்பி இதற்குக் கண்ட பரிகாரம், அடித்தளத்தின் நடுக்கட்டையான ஏராவின் இருபுறமும் எழும் ஆழ்ந்த சரிவைக் கடையால் வரைக்கும் குறையாமல் கொண்டுபோய், படகு அலையை அறையாமல் பிளந்து இறங்கும்படி செய்ததேயாகும். அத்தகைய சிறு படகொன்றை 1958-இல், அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் பந்தயம் நடந்த நியூபோர்ட்டில் கண்டு வியந்த டிக் பெர்ட்ராம், அதே முறையில் 30 அடி மரப்படகு ஒன்றைக் கட்டுவித்து, தம் மனைவியின் செல்லப்பெயரான ‘மாப்பி’ என்பதையே அதற்குச் சூட்டினார்.

1960-ஆம் ஆண்டு மயாமியிலிருந்து பஹாமாத் தீவுகளின் நாசோவுக்கு நடந்த பந்தயத்தில், கடுங்காற்றும் பேரலையும் எதிர்த்து வந்த அந்நாளில், மாப்பி சுமார் எட்டு மணி நேரத்தில் கரை சேர்ந்தது. இரண்டாவதாக வந்ததும் ஹன்ட் வகுத்த வடிவமே. ஒரு பகற்பொழுதின் சோதனையில் ஒரு தொழிலின் போக்கே மாறிய இத்தகைய நிகழ்ச்சி, படகுகளின் சரித்திரத்தில் அபூர்வமானது. மறு ஆண்டே மாப்பியை அச்சாகக் கொண்டு, ஃபைபர் கிளாஸில் வார்த்த பெர்ட்ராம் 31 விற்பனைக்கு வந்தது.

பின்னர் வந்தவர் டான் ஆரனோ. கட்டிடத் தொழிலில் பொருளீட்டி மயாமியில் குடியேறிய அவர், ஃபார்முலா, டான்சி, மேக்னம், சிகரெட் என ஒன்றன்பின் ஒன்றாகப் படகுக் கம்பெனிகளை நிறுவினார். முதல் மூன்றையும் பிறருக்கு விற்றுவிட்டு அடுத்ததைத் தொடங்கினார். இவற்றுள் 1964-இல் தோன்றிய டான்சியின் பதினாறு அடிப் படகே எளியோர்க்கு உரியது என்பது என் துணிபு. அதை வரைந்தவர்கள் ஜிம் வின், வால்ட் வால்டர்ஸ் இருவர்; இயந்திரத்தைப் படகுக்குள்ளும் சுழலியைக் கடையாலுக்கு வெளியேயும் அமைக்கும் முறையைக் கண்டுபிடித்தவரும் அந்த வின்தான்.

அக்காலத்துப் படகுகளின் அடிப்பாகம் கனமான ஃபைபர் கிளாஸால் கையால் பூசி வார்க்கப்பட்டதாகையால், அறுபது ஆண்டு கழிந்தும் அது உருக்குலையாமல் நிற்கக் காண்கிறோம். கெடுவது அதனுள் பொதிந்த மரமே. இயந்திரத்தைத் தாங்கும் நெடுஞ்சட்டங்களிலும் கடையாற் பலகையிலும் வைத்த ஒட்டுப்பலகை, திருகாணித் துளைகள் வழியே புகுந்த நீரால் ஆண்டுக்கணக்கில் ஊறி உளுத்துப்போயிருக்க, மேலே புதுவண்ணம் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். விலை பேசுமுன் சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்து, கணீரென்ற ஒலி மந்தமாகும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுழலித் தொகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கையில் கடையாற் பலகையும் கூடவே நெளியுமாயின், அந்தப் படகை விட்டு விலகுவதே விவேகம். உப்புநீரில் ஓடிய படகானால், கடல்நீரால் குளிர்விக்கப்படும் புகைபோக்கிக் குழாய்கள் உள்ளே அரித்திருக்கக்கூடும். ஆயினும் அவையும், சுழலித் தொகுதியின் ரப்பர் உறைகளும், இயந்திரமேகூட மாற்றத்தக்கவை.

ஆகவே, கையிருப்புச் சுருக்கமான நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது: உறுதியான அடிப்பாகமும் ஓடாத இயந்திரமும் உடைய படகையும், முழங்கும் இயந்திரமும் உளுத்த பலகையும் உடைய படகையும் ஒரே கிரயத்துக்குத் தருவதாகச் சொன்னால், முன்னதையே வாங்குங்கள்.