லினக்ஸும் பொதுத் தரமும்

மதுரையிலிருந்து புனே நகருக்குக் குடியேறிய முந்தைய தலைமுறையினர் ஒரு தொல்லையை நன்கு அறிவர். எழும்பூரில் மீட்டர் பாதை வண்டியை விட்டிறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் சென்ட்ரல் நிலையம் சென்று, அகலப் பாதை வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டும் இருப்புப் பாதைகளே. ஆயினும் ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. 1992-இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டம் அத்தொல்லையைப் படிப்படியாக நீக்கியது. கணினித் துறையிலும் இத்தகைய வேற்றுமை ஒன்று தோன்றியது. அதன் வரலாற்றை இங்குக் காண்போம்.

1991-இல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் உட்கருவை வெளியிட்டார். பல குழுவினர் அதனுடன் பிற மென்பொருள்களை இணைத்துத் தத்தம் வழங்கல்களை அமைத்தனர். டெபியன், ரெட் ஹாட் முதலியன அவ்வாறு பிறந்தவை. உட்கரு ஒன்றேயெனினும், கோப்புகளை வைக்கும் இடமும், நிரல் நூலகங்களின் பதிப்பும், மென்பொருளைப் பொதியாகக் கட்டும் முறையும் வேறுபட்டன. ஆகவே ஒன்றுக்கெனச் செய்த மென்பொருள் மற்றொன்றில் இயங்க மறுத்தது. இக்குறையைக் களைய 1998-இல் 'லினக்ஸ் ஸ்டாண்டர்டு பேஸ்' என்னும் பொதுத் தரம் வகுக்கத் தொடங்கினர்.

இவ்வரலாற்றில் புனே நகருக்கும் தொடர்புண்டு. 1988-இல் அங்கு நிறுவப்பெற்ற சி-டாக், 1991-இல் 'பரம் 8000' மீக்கணினியை உருவாக்கிப் புகழ் பெற்றது. அந்நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் வழங்கலை இந்திய மொழிகளுக்கு ஏற்ப அமைத்தது. அது மேற்சொன்ன தரச் சான்றையும் பெற்றது. ஆயின் 2015-இல் மூலமாகிய டெபியனே அத்தரத்தைக் கைவிட்டது.

காரணம் யாது? அத்தரத்தை நம்பிச் சான்று பெற்ற மென்பொருள்கள் மிகச் சிலவே. பின்னர் பரவிய பிளாட்பேக், ஸ்னாப் போன்ற புதிய முறைகளில், மென்பொருள் தனக்கு வேண்டிய நூலகங்களைத் தானே சுமந்து வருகிறது. கட்டுச்சோறு கொண்டு செல்லும் பயணிக்கு வழியிலுள்ள உணவுச்சாலையைப் பற்றிக் கவலையில்லை அல்லவா? ஆனால் மூட்டை பெரிதாகும். நூலகத்தில் ஒரு பாதுகாப்புக் குறை தோன்றினால், ஒவ்வொரு மூட்டையையும் தனித்தனியே பிரித்துச் செப்பனிட வேண்டும்.

அங்ஙனமாயின் பொதுத் தரங்களே வேண்டாவா? அவ்வாறு கொள்ளலாகாது. கட்டுச்சோறு உடையவனும் பாதையின்றிச் செல்ல இயலாது. உட்கருவின் பழைய அழைப்புகள் மாறாது காக்கப்படுவதால்தான் இம்மூட்டைகளும் இயங்குகின்றன.

எழுத்துக் குறியீட்டில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். இந்திய எழுத்துகளுக்கென 1991-இல் வெளியான இஸ்கி தரத்தைப் புனே சி-டாக் தன் கருவிகளில் கையாண்டது. பின்னர் யூனிகோடு உலகப் பொதுவாயிற்று. தமிழக அரசும் 2010-இல் அதனை ஏற்றது. இடைக்காலத்தில் தனித்தனி எழுத்துருக்களில் தமிழர் எழுதி வைத்தவை பல. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை இன்று பொருளற்ற குறிகளாகவே தோன்றும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, ஊரிலிருந்து வந்த மடலும் குடும்பக் குறிப்பும் பெருஞ்செல்வங்கள். மென்பொருள் தன் மூட்டையைத் தானே சுமக்கட்டும். நம் எழுத்துகள் மட்டும் எந்தக் கணினியிலும் படிக்கத்தக்க பொதுத் தரத்தில் இருத்தல் வேண்டும். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவைக்கும் பணியை, அவற்றைப் படிக்க வல்ல கணினி கையிலுள்ளபோதே நாம் செய்து முடிப்போமாக.