26 நாளில் பேசி முடித்த நாவல்

கைப்பேசியிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. இது புது வசதி என்று நினைக்கிறீர்களா நண்பர்களே? 1866-ஐப் பாருங்கள்.

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கிக்கு ஏகப்பட்ட கடன். பதிப்பாளர் ஸ்டெல்லோவ்ஸ்கியோடு அவர் போட்ட ஒப்பந்தம் பயங்கரமானது: நவம்பர் 1-க்குள் புது நாவல் தராவிட்டால், 9 ஆண்டுகளுக்கு அவர் எழுத்துக்களைச் சல்லிக்காசு தராமல் வெளியிடலாம்! வணிகவியல் படிக்கும் எனக்கே தலை சுற்றியது.

அக்டோபரில் 20 வயது அன்னா சுருக்கெழுத்தாளராக வந்தார். பகலில் அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். இரவில் வீட்டில் அதை விரித்து எழுதினார். மறுநாள் தஸ்தயேவ்ஸ்கி திருத்தினார். 26 நாளில் 'சூதாடி' தயார். பதிப்பாளர் ஊரில் இல்லை. காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கினார்கள். உரிமை தப்பியது!

இன்று குறித்துக்கொள்ளக் கருவி இருக்கிறது. படித்துத் திருத்தும் வேலை மட்டும் இன்னும் நம்முடையதுதான்.