பிள்ளை சிறுத்தால் பேறுகாலம் லேசா?

1979ஆம் வருஷம். என் மனைவி தலைப்பிரசவத்துக்காக அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில் தாய்வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை அலுவலகம் முடிந்து பார்க்கப் போனேன். அத்தை எனக்கு இலை நிறையச் சோறு வைத்து, சொதி ஊற்றி, அவியலும் பொரியலும் பரிமாறினார்கள். அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தால், எட்டு மாதப் பிள்ளைத்தாச்சிக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் ரசஞ்சோறு. அவ்வளவுதான்.

“என்ன அத்தை, இவ்வளவு கொஞ்சமா?” என்று கேட்டேன்.

“வயித்துல பிள்ளைக்கும் சோத்துக்கும் ஒரே இடந்தானே மாப்பிள்ளை. நெறைய தின்னா பிள்ளை பெருத்துரும். பேறுகாலம் கஷ்டமாயிரும்லா” என்றார்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிழைப்புக்காகத் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த குமாஸ்தா. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டேன். மகள் பிறந்தாள். எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுத்தான் மேல். 2.5 கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த பிள்ளை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முதல் மூன்று மாதம் அவளைத் தேற்றி எடுக்க நாங்கள் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

காரும் பிசானமும் விளைகிற தாமிரபரணிக் கரை அது. அந்த வீட்டில் நெல்லுக்குப் பஞ்சமில்லை. அத்தைக்கு மகள் மேல் பாசமும் குறைவில்லை. இருந்தது பயம். அந்தக் காலத்தில் வீட்டில்தான் பிரசவம். பிள்ளை தலை மாட்டிக்கொண்டால் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் இரண்டு உயிரும் போய்விடும். பிள்ளை சிறுத்தால் தாய் பிழைப்பாள் என்பது அனுபவத்தில் போட்ட கணக்கு. ஆனால் கடைசி மாதங்களில் சோற்றைக் குறைத்தால் பிள்ளையின் தலை அவ்வளவாகச் சிறுப்பதில்லை; உடம்பில் சதைதான் குறைகிறது. தாய்க்கும் இரத்தம் குறைந்து, பிரசவத்தைத் தாங்கும் தெம்பு போகிறது. கணக்கு பிசகியது அங்கேதான்.

நம் ஆச்சிமார்தான் இப்படி என்று சிரிக்க வேண்டாம். 1889இல் ஜெர்மனி நாட்டு டாக்டர் ப்ரோகோவ்னிக், இடுப்பெலும்பு குறுகிய பெண்களுக்காக ஒரு பத்தியமே வகுத்தார். தண்ணீரையும் மாவுப் பண்டத்தையும் குறைத்துச் சின்னப் பிள்ளையாகப் பெறச் செய்வதுதான் நோக்கம். அந்த எண்ணம் பரவி, அமெரிக்க டாக்டர்கள்கூட நெடுநாள் கர்ப்பிணிகளின் எடையைக் கட்டுப்படுத்தி வந்தார்கள். 1970இல்தான் அங்குள்ள தேசிய அறிவியல் அகாடமியின் குழு 20 முதல் 25 பவுண்டு, அதாவது 9 முதல் 11 கிலோ வரை எடை கூடுவது நல்லது என்று சொன்னது.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் பாடத்தில் ‘ப்யுவெரிகுல்த்யூர்’ என்று ஒரு சொல் வரும். குழந்தை வளர்ப்புக் கலை என்று பொருள். மனப்பாடம் செய்தேன், மறந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் அதன் கதையைப் படித்தேன். பாரிஸில் அடோல்ஃப் பினார் என்ற பிரசவ டாக்டர், வலி வரும் வரை உழைத்த ஏழைப் பெண்களின் பிள்ளைகளையும், கடைசி வாரங்களில் விடுதியில் தங்கி ஓய்வெடுத்தவர்களின் பிள்ளைகளையும் நிறுத்துப் பார்த்தார். ஓய்வெடுத்தவர்களின் பிள்ளைகளே எடை கூடியிருந்தன. 1895இல் அதை வெளியிட்டார். பிள்ளை வளர்ப்பு கருவிலேயே தொடங்குகிறது என்பது அவர் கட்சி.

நம் பக்கம் அந்தச் சேதி வந்தது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தோடு. உலக வங்கி உதவியோடு 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கி, பிறகு திருநெல்வேலிக்கும் வந்தது. கிராமத்துப் பெண்களையே பணியாளர்களாக எடுத்தார்கள். மாதாமாதம் குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்து அட்டையில் குறிப்பார்கள். எடை ஏறாத குழந்தைக்கும், தேவைப்பட்ட கர்ப்பிணிக்கும் சத்துருண்டை. அது எல்லோருக்கும் கிடையாது. ஆனால் ஆலோசனை எல்லோருக்கும் உண்டு.

1985இல் என் மனைவி இரண்டாவது தடவை உண்டானாள். அவளுக்கு உருண்டை கிடைக்கவில்லை, பேச்சு கிடைத்தது. அந்த ஊர்ப் பணியாளர் சொந்தக்காரப் பெண் போலத் திண்ணையில் வந்து உட்காருவார். கெட்டிக்காரி. என் மனைவியிடம் அதிகம் பேச மாட்டார். அகப்பையைப் பிடித்திருக்கிற அத்தையிடம்தான் பேசுவார். “பெரியம்மா, ஒரேயடியா வேண்டாம். நாலு தடவையா கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. முருங்கைக்கீரை போடுங்க. சிறுபயறு கஞ்சி காய்ச்சுங்க.” அத்தை முதலில் முகம் கொடுக்கவில்லை. பணியாளர் மூத்தவளைக் காட்டி, “இவ பொறந்தப்போ நீங்க எத்தனை ராத்திரி முழிச்சிருந்தீங்க?” என்று கேட்டாராம். மறுநாளே கஞ்சி வந்துவிட்டது. இரண்டாவது பையன் 2.9 கிலோ.

பிறகு அரசு எத்தனையோ செய்தது. 1987இல் 300 ரூபாயில் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ஆனது. பேரீச்சம்பழமும் நெய்யும் சத்துமாவும் கிடைக்கின்றன.

இப்போது பிசகு மறுபக்கம். “ரெண்டு பேருக்குச் சாப்பிடு” என்று இனிப்பையும் சோற்றையும் திணிக்கிறோம். சர்க்கரை ஏறிப் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கிறது. மெலிந்தவள் கூடுதலாக எடை ஏற வேண்டும், பருத்தவள் குறைவாக ஏற வேண்டும். எல்லோருக்கும் ஒரே கணக்கு கிடையாது. அதை டாக்டரிடமும் கிராம செவிலியரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த இரண்டு கிலோப் பிள்ளைதான் பிற்பாடு எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தாள். செவிலியர் அவளுக்குச் சாப்பாட்டு விவரம் சொன்னபோது, என் மனைவியையும் கூட அழைத்துப்போய் உட்கார வைத்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். 1979இல் இலை முன்னால் உட்கார்ந்து நான் கேட்காமல் விட்டதை அன்றுதான் கேட்டேன்.