பட்டறையில் ஒரு சொட்டு ரத்தம்

1850இல் லண்டன் ராயல் அகாடமியில் ஜான் எவரெட் மில்லே காட்சிக்கு வைத்த ஓவியத்தைச் சார்லஸ் டிக்கன்ஸ் தன் இதழில் திட்டித் தீர்த்தார். 'கிறிஸ்து தன் பெற்றோரின் வீட்டில்' என்று நாம் இன்று அறியும் படம் அது. ஏழைகளின் கதைகளை எழுதியவருக்கே திருக்குடும்பத்தை உழைப்பாளி வீடாகப் பார்க்க முடியலை.

நடுவில் தச்சுமேசை. ஆணி கிழித்த சிறுவன் இயேசுவின் உள்ளங்கை ரத்தம் பாதத்தில் சொட்டியிருக்கிறது. மண்டியிட்டுத் தேற்றுகிறாள் மரியாள். யோவான் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவருகிறான்: பிற்பாடு அவன் கொடுக்கப்போகும் ஞானஸ்நானம். ஏணியில் புறா, வெளியே ஆட்டுமந்தை.

எனக்குப் பிடித்தது இதுதான்: ஆணி, ஏணி, தண்ணீர் எல்லாமே பட்டறையில் சாதாரணமா இருக்கிற பொருட்கள். சிலுவையை வரையாமலே சிலுவைப்பாட்டைச் சொல்லிவிடுகிறார் மில்லே. யோசேப்பின் நக அழுக்கைத் துடைத்திருந்தால் டிக்கன்ஸ் சமாதானமாகியிருக்கலாம். ஆனால் அது தச்சன் வீடாக இருந்திருக்காது.