பல்லில் இருந்த காவிக் கறை



தர்மபுரிப் பக்கம் வேலை பார்த்தபோது திங்கள்கிழமை பிரேயர் முடிந்ததும் நான் நகமும் பல்லும் பார்ப்பது உங்களுக்கு நினைவிருக்கும். காவிக் கறை இருந்தவர்களைத் தனி வரிசையில் நிறுத்தி, "ஒரு வேப்பங்குச்சிகூடவா கிடைக்கல?" என்று கேட்டிருக்கிறேன். தேய்த்தால் போகிற கறை இல்லை அது. பல் உருவாகும் வயதிலேயே விழுவது. காரணம், குடிநீரில் இருந்த ஃபுளோரைடு.

ஓய்வு பெற்ற பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901இல் போன மெக்கே என்ற பல் மருத்துவர், அங்கிருந்தவர்களின் பல்லில் இதே கறையைப் பார்த்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டார். அது ஃபுளோரைடு என்று சர்ச்சில் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது 1931இல்.

அடுத்த ஆறே வருடத்தில் நம் பக்கமும் தெரிந்துவிட்டது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் முதுகும் மூட்டும் இறுகிப்போனவர்களைச் சோதித்த ஷார்ட் முதலிய மருத்துவர்கள், ஃபுளோரைடுதான் காரணம் என்று 1937இல் எழுதினார்கள். உழவு மாடுகள் நடக்க முடியாமல் போனதை விவசாயிகள் முன்பே கவனித்திருந்தார்களாம்.

நான் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே அச்சில் இருந்த விஷயம். டிரெயினிங்கில் எங்களுக்குச் சொன்னதெல்லாம் கிருமி, காலரா, கொதிக்க வைத்த தண்ணீர். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடும்.

நம் மண்ணுக்கு அடியில் பாறை. கிணறு வற்ற வற்ற போரை ஆழமாக இறக்கினோம். பாறையிடுக்கில் நெடுநாள் கிடந்து ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்ட தண்ணீர் மேலே வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. தாண்டினாலும் நாக்குக்குத் தெரியாது. தண்ணீர் பீறிட்ட அன்று தேங்காய் உடைத்துக் கும்பிட்டோம்!

ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குத் திறக்கப்பட்டது 2013இல். நெல்லூர் ஆய்வுக்குப் பிறகு 76 வருடம். காவிரித் தண்ணீர் வராத நாளில் பேரப்பிள்ளைகளுக்குப் போர்த் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

நேற்று பழைய வகுப்பு போட்டோ ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள். போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. என்னை மன்னித்துவிடுங்கள், பிள்ளைகளே.