மூச்சைப் பிடிங்க!

‘மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... ம், விடுங்க!’

நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட யாருக்கும் இந்த மந்திரம் மறக்காது. எனக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. பள்ளிக்கூட நாளில், திருமங்கலம் பக்கம் ஒரு சின்ன கிளினிக்குக்கு அப்பாவைக் கூட்டிப் போயிருந்தோம். சுற்றிலும் பம்ப்செட் ஓடுகிற நேரம். லைட்டே அழுது வடிந்தது. அப்பாவுக்கோ விடாத இருமல். படம் கலங்கிப்போய் வந்தது. ‘பெரியவர் ஆடிட்டாரு’ என்று மறுபடி எடுத்தார்கள். அதற்கும் காசு!

தப்பு அப்பா மேல்தானா? காமர்ஸ் படித்த எனக்கு அது விளங்க ரொம்ப வருஷம் ஆச்சு.

கணக்கு என்னவோ நம்ம ஊர் நாற்று நடவு மாதிரிதான். 10 ஆள் 2 நாள் நடுகிற வயலை, 20 ஆள் இறங்கினால் ஒரே நாளில் முடிக்கலாம். எக்ஸ்ரே குழாயில் ஓடும் கரண்ட்தான் ஆள். அது ஓடும் நேரம்தான் நாள். வோல்டேஜ் மாறாதவரை, இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் கதிரின் அளவு. ஒரு படத்துக்கு 10 மில்லி ஆம்பியர்-செகண்ட் வேண்டும் என்று வையுங்கள். 500 மில்லி ஆம்பியர் கொடுக்கும் பெரிய மெஷினுக்கு 0.02 செகண்ட் போதும். 20 மில்லி ஆம்பியர் சின்ன மெஷினுக்கு அரை செகண்ட் வேண்டும். அதற்குள் இதயம் பாதித் துடிப்பைத் தாண்டிவிடும். இருமல்காரர் ஒரு இருமலே இருமிவிடுவார்!

இந்த நேரத்தைச் சுருக்க மனிதர்கள் பட்ட பாடுதான் எக்ஸ்ரேயின் வரலாறு.

1895 டிசம்பர் 22. ஜெர்மனியில் ராண்ட்ஜென் தன் மனைவி பெர்த்தாவின் கையைப் படம் எடுத்தார். அந்த அம்மா சுமார் 15 நிமிஷம் கையை ஆட்டாமல் வைத்திருந்தார்! கைக்குச் சரி, நெஞ்சுக்கு? அன்றைய குழாய்களில் மிச்சமிருக்கும் வாயுவைப் பொறுத்துத்தான் கரண்ட். இன்று ஒரு மாதிரி, நாளை வேறு மாதிரி. 1913-ல் அமெரிக்காவின் கூலிட்ஜ் வாயுவைத் துரத்திவிட்டு, சூடான கம்பியிலிருந்து எலெக்ட்ரான்களை வரவழைத்தார். கரண்ட் கைக்கு அடங்கியது. ஆனால், கூட்டினால் குழாய்க்குள் இருக்கும் உலோகம் உருகிவிடுமே? 1929-ல் பிலிப்ஸ் கம்பெனி அந்த உலோகத் தட்டையே சுழலவிட்டு சூட்டைப் பரப்பியது. இனி அதிக கரண்ட், குறைந்த நேரம்!

1934-ல் சென்னையில் பர்னார்ட் கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. 1954-ல் மதுரைக்கு மருத்துவக் கல்லூரி வந்தது. தோப்பூரில் காசநோய்க்கென்றே ஆஸ்பத்திரி எழுந்தது. ஆனால் பெரிய மெஷினுக்குப் பெரிய கரண்ட் வேண்டுமே! லைன் தள்ளாடும் ஊரில், சின்ன மெஷின் வைத்திருப்பவருக்கு நேரத்தை நீட்டுவதைத் தவிர வேறு வழி? ஆக, எங்கள் அப்பா மட்டும் ஆடவில்லை. கரண்டும் ஆடியது.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. படத்தை உண்டாக்கும் அதே கதிர்தான் உடம்பிலும் வரவு வைக்கப்படுகிறது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கதிர்க் குழாய்களோடு வேலை செய்தே கைகளை இழந்து 1904-ல் இறந்தார். 1936-ல் ஹாம்பர்க் நகரில் இப்படி மாண்டவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தில் 169 பெயர்கள்!

உடனே பயந்துவிடாதீர்கள். இன்றைய ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர், சில நாட்களில் இயற்கையாகவே நம் மேல் படுகிற அளவுதான். ஆனால் ஃபிலிம் காலத்தில் ஒரு நேர்மை இருந்தது. கதிர் கூடினால் படம் கறுத்துத் தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில்? கம்ப்யூட்டரே சரிசெய்துவிடும். இன்னும் சொன்னால், கூடுதல் கதிரில் படம் பளிச்சென்று வரும். டெபிட் மட்டும் நம் உடம்பில். அதனால்தான் கருவிக்கு உரிமம், பரிசோதனை என்று 1983-ல் பிறந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கறாராக இருக்கிறது.

அடுத்த தடவை ‘மூச்சைப் பிடிங்க’ என்றால் நன்றாகப் பிடியுங்கள். இரண்டாவது படம் மிச்சம். முடியவில்லையா? கூச்சப்படாமல் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ‘எனக்கு இருமல் இருக்குங்க, நேரத்தைக் குறைச்சு எடுங்க’ என்று.

அப்பாவுக்கு அன்று அதைச் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கும்தான்.